பலகையில் தெரிந்த 500/1

1981 ஜூலையில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், ஹெடிங்லி மைதானத்தின் மின்பலகையில் ஸ்கோரோடு சேர்ந்து இன்னொரு எண்ணும் தெரிந்தது: 500/1. ஆஸ்திரேலியா 401 ரன் எடுத்து டிக்ளேர் செய்திருந்தது. இங்கிலாந்து 174 ரன்னுக்குச் சுருண்டு, 227 ரன் பின்தங்கி, ஃபாலோ ஆன் வாங்கி மறுபடியும் மட்டையைப் பிடித்தது. இங்கிருந்து இங்கிலாந்து ஜெயித்தால் ஒரு பவுண்டு கட்டியவருக்கு 500 பவுண்டு என்று லாட்புரோக்ஸ் என்ற பந்தய நிறுவனம் அறிவித்தது. அந்த நிறுவனத்துக்குக் கிரிக்கெட் விலைகளைச் சொல்லிக்கொடுத்தவர் காட்ஃப்ரி எவன்ஸ். இங்கிலாந்தின் முன்னாள் விக்கெட் கீப்பர். ஆட்டம் தெரியாதவர் என்று சொல்ல முடியாது.

ஆஸ்திரேலிய அணியின் அறையில் உட்கார்ந்திருந்த டென்னிஸ் லில்லிக்கு அந்த எண் மனத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டே அணிகள் ஆடும் ஆட்டத்தில் ஒன்றுக்கு 500/1 என்பது எந்தக் கணக்கிலும் அடங்காத விலை என்று அவர் நினைத்தார். அணியின் பேருந்து ஓட்டுநர் மூலம் 10 பவுண்டு கட்டினார். தயங்கித் தயங்கிச் சக வீரர் ராட் மார்ஷும் 5 பவுண்டு சேர்த்தார். இன்று எந்த வீரரும் தன் ஆட்டத்தின் மீது பணம் கட்டக் கூடாது. அன்று அது வேடிக்கையாகவே பார்க்கப்பட்டது. இங்கிலாந்து 135 ரன்னுக்கு 7 விக்கெட் இழந்து, இன்னும் 92 ரன் பின்தங்கி நின்றபோது இயன் போத்தம் அடிக்கத் தொடங்கினார். ஆட்டமிழக்காமல் 149. இங்கிலாந்து 356. ஆஸ்திரேலியாவுக்குத் தேவை 130 ரன்தான். பாப் வில்லிஸ் 43 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுக்க, 111 ரன்னில் கதை முடிந்தது. லில்லிக்கு 5,000 பவுண்டும் மார்ஷுக்கு 2,500 பவுண்டும் கிடைத்தன.

கிரிக்கெட் ரசிகர்கள் இதைப் போத்தமின் கதையாகச் சொல்வார்கள். சொல்லட்டும், அது அவருடையதுதான். என் கண் மட்டும் ஒவ்வொரு முறையும் அந்தப் பலகை எண்ணிடமே போய் நிற்கிறது. 500/1 என்ற விலை சரியா, தவறா? நடக்காது என்றது நடந்துவிட்டது என்பதற்காக அதைத் தவறு என்று சொல்லிவிடலாமா? கேள்வி சின்னதுதான். ஆனால் அதற்குப் பதில் தேடிப் போனால், நிகழ்தகவு என்றால் என்ன என்ற கேள்வியின் அடிவேர் வரை போக வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். ஆட்ஸ் என்று உலகம் சொல்வது ஒரு விகிதம். நடக்காமல் போகும் பக்கம் 500 பங்கு, நடக்கும் பக்கம் 1 பங்கு; மொத்தம் 501. ஒன்றை 501-ஆல் வகுத்தால் சுமார் 0.2 சதவீதம். 4/1 என்றால் ஐந்தில் ஒன்று, 20 சதவீதம். 1/4 என்று தலைகீழாக எழுதியிருந்தால் ஐந்தில் நான்கு, 80 சதவீதம். இது பிரிட்டன் எழுதும் முறை. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கட்டிய பணத்தையும் சேர்த்துக் கைக்கு எவ்வளவு வரும் என்று தசமத்தில் எழுதுவார்கள்: 4/1 அங்கே 5.00. ஒன்றை அந்த எண்ணால் வகுத்தாலே வாய்ப்பு கிடைத்துவிடும். அமெரிக்கர்களுக்கு நூறு டாலர்தான் அளவுகோல். +400 என்றால் 100 கட்டி 400 சம்பாதிக்கலாம். −400 என்றால் 100 சம்பாதிக்க 400 கட்ட வேண்டும். எழுத்துதான் மூன்று, சொல்லும் செய்தி ஒன்றே.

பிரிட்டிஷ் பலகைகளில் 11/8, 13/8, 15/8 என்றெல்லாம் பார்க்கும்போது இந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று தோன்றும். 1971 பிப்ரவரி வரை அங்கே பவுண்டு, ஷில்லிங், பென்னி நாணயம். இரண்டரை ஷில்லிங் மதிப்புள்ள அரை கிரவுன் நாணயம் எட்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு. எட்டு நாணயம் கட்டினால் பதினொன்று லாபம் என்று கணக்குப் பார்ப்பது கைக்கு எளிது. நம் ஊரில் ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் இரண்டணாவை அரைக்கால் ரூபாய் என்று சட்டென்று சொன்னவர்களுக்கு இந்த எட்டு கொஞ்சமும் புதிதாக இருந்திருக்காது. நாணயம் மாறி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பந்தயப் பலகையில் அந்தப் பின்னங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

இனி ஒரு பூவா தலையா. நாணயம் நேர்மையானது என்றால் இரண்டு பக்கத்துக்கும் சம வாய்ப்பு. நியாயமான விலை 1/1. எந்தப் பந்தயக் கடையும் அந்த விலையைத் தராது. இரு பக்கத்துக்கும் 10/11 என்று போடும். 11 ரூபாய் கட்டினால் 10 ரூபாய் லாபம். ஒருவர் பூவுக்கு 11, இன்னொருவர் தலைக்கு 11 கட்டுகிறார்கள் என்று வையுங்கள். கடைக்கு வந்தது 22. எது விழுந்தாலும் கடை திருப்பித் தர வேண்டியது 21. ஒரு ரூபாய் மேசையிலேயே நின்றுவிட்டது. இப்போது அந்த விலையை வாய்ப்பாக மாற்றிப் பாருங்கள்: 21-இல் 11, அதாவது 52.4 சதவீதம். இரண்டு பக்கமும் சேர்த்தால் 104.8.

நூறுக்கு மேல் நிற்கும் இந்த 4.8-ஐத்தான் ஓவர்ரவுண்ட் என்கிறார்கள். ஏதோ ஒன்று நடந்தே தீரும் என்பதற்கு வாய்ப்பு 100 சதவீதம். அதற்கு மேல் உலகத்தில் இடம் கிடையாது. கூட்டி 104 வருகிறது என்றால் ஒவ்வொரு விலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடையின் கூலி ஒளிந்திருக்கிறது. மளிகைக் கடையில் இருந்தால் எடைக்கல்லைத் தூக்கிப் பார்த்துவிடலாம். இங்கே எல்லா விலைகளையும் வாய்ப்பாக மாற்றிக் கூட்டிப் பார்த்தால்தான் கல்லின் எடை தெரியும். இரண்டே முடிவுள்ள ஆட்டத்தில் கூலி சிறியது. இருபது குதிரை ஓடும் பந்தயத்திலோ, இருபது அணி ஆடும் லீகில் யார் கோப்பை வாங்குவார் என்பதிலோ, ஒவ்வொரு பெயரிலும் துளித் துளியாகச் சேர்த்துவிட இடம் அதிகம்; நூறைத் தாண்டி வெகு தூரம் போய்விடும். யாரும் உட்கார்ந்து இருபது பின்னங்களைக் கூட்டுவதில்லை.

ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனி விலை போடும் இந்தத் தொழிலை 1790-களில் நியூமார்க்கெட் திடலில் ஹாரி ஆக்டன் என்பவர் தொடங்கினார் என்று சொல்லப்படுகிறது. அதற்கு முன்னால் பெரும்பாலும் பிரபுக்கள் தங்களுக்குள், பேர்பெற்ற ஒரு குதிரைக்கு எதிராக மற்ற எல்லாம் என்று பந்தயம் கட்டிக்கொண்டார்கள். பின்னாளில் திடலில் வரிசையாகப் பலகைகள் நின்றன. ஒவ்வொரு பலகையிலும் சாக்பீஸ் எண்கள்; அழித்து எழுதுவது, மறுபடி அழித்து எழுதுவது. பழகிய ஆட்கள் முதல் பலகையில் பணம் கட்ட மாட்டார்கள். வரிசை முழுக்க ஒருமுறை நடந்துவிட்டு வருவார்கள். ஒரே குதிரைக்கு ஒருவர் 4/1 தருவார், பத்தடி தள்ளி நிற்பவர் 5/1 தருவார்.

அந்தப் பத்தடி வித்தியாசத்தைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கென்றே ஒரு தொழில் இருந்தது. டிக்டாக் ஆட்கள் என்று பெயர். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, உயரமான இடத்தில் ஏறி நின்று, திடலின் ஒரு மூலையில் போகும் விலையை இன்னொரு மூலைக்குக் கைச்சாடையில் அனுப்புவார்கள். ஒவ்வொரு விலைக்கும் ஒரு சாடை, ஒரு செல்லப் பெயர். 3/1-க்குக் கார்ப்பெட் என்று பெயர். 11/8-க்குக் கை மேலே என்று பொருள்படும் பெயர், சாடையும் அதற்கேற்றாற்போல் கையின் மேல் ஏறும். பணம் எந்தக் குதிரைப் பக்கம் குவிகிறது என்பது இந்தக் கைகள் வழியாக ஒரு நிமிடத்தில் திடலைச் சுற்றி வந்துவிடும். கைபேசி வந்ததும் அந்தக் கைகள் ஓய்ந்துவிட்டன. படங்களில் அவர்களைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு கூட்டத்தின் கருத்து நம் கண்ணெதிரே உருவாவதைப் பார்ப்பதுபோல் எனக்கு மெய்சிலிர்க்கும்.

பல கடைகளின் விலையை ஒப்பிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்துவிடலாம். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை. இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஒரு டெஸ்ட். மூன்று முடிவு சாத்தியம். முதல் கடை இங்கிலாந்து வெற்றிக்கு 2.10, ஆஸ்திரேலியாவுக்கு 3.20, டிராவுக்கு 3.80 தருகிறது. வாய்ப்பாக மாற்றிக் கூட்டினால் 105.2. இரண்டாவது கடையில் 2.00, 3.60, 3.70, கூட்டினால் 104.8. மூன்றாவது கடையில் 1.95, 3.20, 4.30; கூட்டினால் 105.8. மூன்று கடைகளும் தங்கள் கூலியை ஒழுங்காகவே எடுத்துக்கொள்கின்றன. எந்த ஒன்றில் போய் நின்றாலும் காலப்போக்கில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து ரூபாய் இழப்பீர்கள்.

இப்போது ஒவ்வொரு முடிவுக்கும் எந்தக் கடை அதிகம் தருகிறதோ அதை மட்டும் எடுங்கள். இங்கிலாந்துக்கு முதல் கடையின் 2.10, ஆஸ்திரேலியாவுக்கு இரண்டாவது கடையின் 3.60, டிராவுக்கு மூன்றாவது கடையின் 4.30. வாய்ப்பாக மாற்றினால் 47.6, 27.8, 23.3. கூட்டுங்கள்: 98.7. நூறுக்குக் கீழே இறங்கிவிட்டது.

பத்தாயிரம் ரூபாயை இந்த விகிதத்தில் பிரித்து, முதல் கடையில் 4,827, இரண்டாவதில் 2,816, மூன்றாவதில் 2,357 என்று கட்டினால், இங்கிலாந்து ஜெயித்தாலும் சரி, ஆஸ்திரேலியா ஜெயித்தாலும் சரி, ஐந்து நாள் மழை கொட்டி டிராவானாலும் சரி, கையில் வருவது சுமார் 10,136. ஆட்டத்தைப் பார்க்கக்கூடத் தேவையில்லை. மூவரும் தனித்தனியே ஜாக்கிரதையானவர்கள். மூவர் விலையையும் ஒருவர் ஒரே மேசையில் வைத்ததும் அந்த ஜாக்கிரதை கரைந்துபோகிறது. வணிகர்கள் இதற்கு ஆர்பிட்ராஜ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஓர் ஊர்ச் சந்தையில் வெங்காயத்தை வாங்கி அடுத்த ஊர்ச் சந்தையில் விற்பவர் செய்வதும் இதுதான். இங்கே வண்டி வாடகை மட்டும் இல்லை.

காகிதத்தில் இவ்வளவு சுலபமாக இருப்பது களத்தில் அப்படி இருப்பதில்லை. இப்படிப்பட்ட இடைவெளி இணையத்தில் சில நிமிடங்கள், சில நேரம் சில நொடிகளே இருக்கும். இரண்டு கடையில் கட்டி முடித்து மூன்றாவதுக்குப் போவதற்குள் 4.30 என்பது 3.90 ஆகிவிட்டால், உறுதியான லாபம் என்று நினைத்தது சாதாரணச் சூதாட்டமாக மாறிவிடும். இரண்டு கடைகளில் ஒரே பெயரில் விற்கும் சரக்கு ஒரே சரக்காக இல்லாமலும் போகும். டென்னிஸில் ஒரு வீரர் காயம்பட்டுப் பாதியில் விலகினால் சில கடைகள் பந்தயத்தை ரத்து செய்யும், சில கடைகள் எதிராளி ஜெயித்ததாகக் கணக்கு வைக்கும். அந்த ஒரு வரியில் முழுப் பணமும் போய்விடலாம்.

இதைப் படித்துவிட்டுக் கைபேசியைத் தேட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தியாவில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றியிருக்கிறது. தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்துக்கு எதிரான சட்டம் 2023-இலேயே வந்துவிட்டது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று சென்னைப் பந்தயக் கழகம் தொடர்பான வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்டு. அது தனிக் கதை. கடன் வாங்கிக் கட்டிச் சீரழிந்த குடும்பங்களை நாம் எல்லோரும் அறிவோம். அந்த வலியைத் தெரிந்துகொண்டேதான் இதை எழுதுகிறேன். என்னை இழுப்பது இந்த விலைகளுக்குள் இருக்கும் கணிதம்.

அந்தக் கணிதத்தின் ஆழத்தை முதலில் தொட்டவர்களில் ஒருவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஃபிராங்க் ராம்சே. 1926-இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் கேட்டது: ஒருவர் ஒன்றை எவ்வளவு நம்புகிறார் என்பதை எப்படி அளப்பது? அதன்மீது அவர் என்ன விலையில் பந்தயம் கட்டத் தயாராக இருக்கிறார் என்று பார்த்தால் போதும் என்றார். அடுத்த படிதான் அற்புதம். ஒருவருடைய நம்பிக்கைகள் நிகழ்தகவின் விதிகளுக்கு உட்படவில்லை என்றால், எது நடந்தாலும் அவர் தோற்கும்படி ஒரு பந்தயத் தொகுப்பை எதிராளி கட்டிவிட முடியும். மழை பெய்ய 60 சதவீதம் என்றும், பெய்யாமலிருக்க 60 சதவீதம் என்றும் ஒருவர் நம்பி, அந்த விலைக்கு இரண்டு சீட்டையும் வாங்கினால், 120 கொடுத்து 100 பெறுவார். வானம் என்ன செய்தாலும் 20 நஷ்டம். இத்தாலியின் புரூனோ டி ஃபினெட்டியும் தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். வாய்ப்புகள் கூடி ஒன்றாக வேண்டும் என்று பள்ளியில் படித்த விதி, வானத்திலிருந்து விழுந்த விதியாக இனித் தெரியாது. நம்பிக்கைகள் ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் உள்ளடக்கம். ராம்சே 1930-இல், 26 வயதில் இறந்தார். அந்தக் கட்டுரை அச்சில் வந்ததை அவர் பார்க்கவில்லை.

மேலே சொன்ன மூன்று கடைகளும் ராம்சே சொன்ன முரண்பட்ட மனிதர்தான், மூன்று உடலில்.

ஏன் முரண்படுகிறார்கள்? கடைக்காரர் யார் ஜெயிப்பார் என்று மட்டும் யோசிப்பதில்லை. யார்மீது பணம் வருகிறது என்றும் பார்க்கிறார். லண்டன் கடையில் இங்கிலாந்து ரசிகர்கள் மனத்தால் பணம் கட்டுவார்கள். அந்தப் பக்கம் பாரம் ஏறினால் கடை இங்கிலாந்தின் விலையைக் குறைத்து, மற்ற பக்கத்தைக் கொஞ்சம் கவர்ச்சியாக்கும். விளம்பரத்துக்காகச் சில விலைகளைத் தூக்கி வைப்பதும் உண்டு. ஹெடிங்லியின் 500/1-இலும் கொஞ்சம் விளம்பர வாசனை இருந்தது என்றே நினைக்கிறேன். மைதானப் பலகையில் 80/1 என்று போட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

நீண்ட விலைகளில் இன்னொரு வளைவும் இருக்கிறது. 1949-இல் ரிச்சர்ட் கிரிஃபித் என்ற அமெரிக்க உளவியலாளர் குதிரைப் பந்தய விலைகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது, ஜெயிக்க வாய்ப்பே குறைந்த குதிரைகளுக்கு மக்கள் தகுதிக்கு மேல் பணம் கட்டுவதும், பேர்பெற்ற குதிரைகளைத் தகுதிக்குக் குறைவாக மதிப்பதும் தெரிந்தது. பின்வந்த ஆய்வுகள் பலவும் பல நாடுகளில் இதையே கண்டன. சின்னக் காசுக்குப் பெரிய கனவு என்றால் நம் மனம் சதவீதக் கணக்கைப் பார்ப்பதில்லை. லாட்டரிச் சீட்டு விற்ற காலத்தில் தமிழ்நாடு இதை வீதிக்கு வீதி பார்த்திருக்கிறது. ஆகவே 100/1 என்று பலகையில் இருந்தால் உண்மையான வாய்ப்பு பெரும்பாலும் அதைவிடக் குறைவு. கூலி சமமாகப் பரவியிருப்பதில்லை. கனவுகளின் மீதுதான் அதிகம் ஏறியிருக்கிறது.

இந்த விதி எப்போதும் கடையைக் காப்பாற்றுவதில்லை. 2015 ஆகஸ்டில் லெஸ்டர் சிட்டி கால்பந்து அணி இங்கிலிஷ் பிரீமியர் லீகை வெல்ல 5000/1 விலை கிடைத்தது. அந்த விலை என்ன சொல்கிறது என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். கீசாவின் பெரிய பிரமிடு கட்டி ஏறக்குறைய 4,600 ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து ஆண்டு தவறாமல் லீக் நடந்திருந்தாலும் இதுவரை ஏறக்குறைய ஒருமுறைதான் நடந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதற்குச் சமம் அது. 2016 மே மாதம் லெஸ்டர் கோப்பையை வென்றது. சில கடைக்காரர்கள் வாரி வழங்க வேண்டியதாயிற்று. அந்த விலையை யாரும் கணக்குப் போட்டு வைத்திருக்க முடியாது. நடக்காது என்பதற்கு எழுதத் தோன்றிய ஒரு பெரிய எண், அவ்வளவுதான்.

அப்படியென்றால் இந்த எண்களை நம்பலாமா? ஒரே ஒரு நிகழ்ச்சியை வைத்து ஒரு நிகழ்தகவைச் சரிபார்க்கவே முடியாது. நாளை மழைக்கு 30 சதவீதம் என்று வானிலை மையம் சொல்லி மழை பெய்துவிட்டால் சொன்னவர் தப்பா? இல்லை. அவர் 30 சதவீதம் என்று சொன்ன நாட்களையெல்லாம் ஒரு குவியலாகச் சேருங்கள். அதில் நூற்றுக்கு முப்பது நாள் மழை பெய்திருந்தால் அவர் நேர்மையானவர். எழுபது நாள் பெய்திருந்தால் அவரிடம் குடை பற்றிக் கேட்கக் கூடாது. 1950-இல் கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலையாளர் இதற்கு ஓர் அளவுகோலே செய்து கொடுத்தார். தனி எண் என்றும் பிடிபடாது, குவியல்தான் பிடிபடும்.

பந்தய விலைகளை அப்படிக் குவித்துப் பார்த்தார்கள். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இருந்த லிசாண்ட்ரோ கவுனிட்ஸும் அவருடைய இரு கூட்டாளிகளும் பத்து ஆண்டுக் காலத்தின் 4,79,440 கால்பந்து ஆட்டங்களையும், 32 பந்தய நிறுவனங்கள் அவற்றுக்குப் போட்ட விலைகளையும் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எல்லா நிறுவனங்களின் விலைக்கும் சராசரி எடுத்தார்கள். சராசரி 20 சதவீதம் என்று சொன்ன குவியலில் ஏறக்குறைய 20 சதவீதம் நடந்திருந்தது. 60 சொன்ன குவியலில், கூலிக்கான சிறு திருத்தத்தோடு, ஏறக்குறைய 60. வரைபடத்தில் புள்ளிகள் நூல் பிடித்ததுபோல் ஒரே கோட்டில் நிற்கின்றன. ஒருவர் விளம்பரத்துக்காக விலை ஏற்றுகிறார், ஒருவர் உள்ளூர் ரசிகர்களுக்காக விலை இறக்குகிறார், ஒருவர் தூங்கிவிட்டார். சராசரி எடுத்ததும் ஒவ்வொருவருடைய சாய்வும் மற்றவருடைய சாய்வை அழித்துவிடுகிறது.

இதற்கு மூத்த உறவு ஒன்று உண்டு. 1906-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரக் கால்நடைக் கண்காட்சியில், ஒரு கொழுத்த காளையை அறுத்துச் சுத்தம் செய்தால் எவ்வளவு எடை நிற்கும் என்று ஊகிக்கும் போட்டி வைத்தார்கள். கசாப்புக்காரர்களும் விவசாயிகளும் ஒன்றுமே தெரியாதவர்களும் சீட்டு வாங்கி எழுதினார்கள். ஃபிரான்சிஸ் கால்டன் அந்தச் சீட்டுகளை வாங்கிப் போய், தெளிவாக இருந்த 787 சீட்டை வரிசைப்படுத்தினார். நடுவில் நின்ற ஊகம் 1,207 பவுண்டு. உண்மையான எடை 1,198. ஒரு சதவீதத்துக்கும் குறைவான பிழை. பாமர மக்களின் தீர்ப்பில் கால்டனுக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. ஆனாலும் கண்டதைக் கண்டபடி நேச்சர் இதழில் எழுதினார்.

கவுனிட்ஸ் குழு அடுத்து செய்தது எளிமையின் உச்சம். எந்த அணி வலியது, யாருக்குக் காயம், யார் மைதானம் என்று எதையும் பார்க்கவில்லை. எல்லோருடைய சராசரி விலையிலிருந்து மிக விலகி ஒரே ஒரு நிறுவனம் அதிகமாகத் தருகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். கூட்டம் 4.00 என்கிறது, ஒருவர் மட்டும் 4.60 தருகிறார் என்றால் தப்பு பெரும்பாலும் அந்த ஒருவர் பக்கம்தான், அங்கே கட்டு. பழைய தரவில் இந்த விதியை ஓட்டிப் பார்த்தபோது கட்டிய பணத்துக்குச் சுமார் 3.5 சதவீதம் லாபம் வந்தது. ஐந்து மாதம் உண்மையான பணத்தை வைத்தும் பார்த்தார்கள். ஒரு பந்தயத்துக்கு 50 டாலர், 265 பந்தயம், சுமார் 957 டாலர் லாபம்.

பிறகு கதவுகள் மூடத் தொடங்கின. இனி இவ்வளவுக்கு மேல் கட்டக் கூடாது என்று சில நிறுவனங்கள் அவர்களுக்கு வரம்பு வைத்தன. கையால் சரிபார்த்த பிறகே பந்தயத்தை ஏற்போம் என்றன சில. அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. நிறுவனங்கள் வெளிப்படையாகப் போட்ட விலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள், அவ்வளவுதான். 2017-இல் தங்கள் கட்டுரையை வெளியிட்டபோது தலைப்பிலேயே இணையப் பந்தயச் சந்தை நேர்மையற்றது என்ற குற்றச்சாட்டை வைத்தார்கள். எனக்கு அவர்கள் கோபம் புரிகிறது. வரிசை முழுக்க நடந்து விலை பார்க்கும் ஆளைக் கண்டதும் பலகையைத் திருப்பிக்கொள்ளலாம், கண்மூடிக் கட்டும் ஆளுக்கு மட்டும் அகலத் திறந்து வைக்கலாம் என்றால், அதை விளையாட்டு என்று சொல்வது கடினம். தோற்பவர்களை மட்டும் வடிகட்டி வைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டைப் பந்தய விளம்பரங்கள் எதுவும் சொல்வதில்லை.

இப்போது ஹெடிங்லி பலகைக்குத் திரும்பலாம். 500/1 சரியா என்று கேட்க ஒரு குவியல் வேண்டும்: ஃபாலோ ஆன் வாங்கிய அணி ஜெயித்த டெஸ்ட்கள். 1981 வரை, சுமார் 900 டெஸ்ட்களில், அந்தக் குவியலில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 1894 டிசம்பரில் சிட்னியில் ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 586 ரன் குவித்தும், கடைசி இரவு பெய்த மழை ஆடுகளத்தைச் சேறாக்கியதால் 10 ரன்னில் தோற்றது. காட்ஃப்ரி எவன்ஸின் கையில் இருந்த வரலாறு அவ்வளவுதான். அதை வைத்து 100/1 என்றும் சொல்லலாம், 500/1 என்றும் சொல்லலாம். அதன் பிறகு 2001 மார்ச்சில் கொல்கத்தாவில் லக்ஷ்மண் 281, திராவிட் 180. நம் வீடுகளில் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து பார்த்தவர்கள் இன்னும் அந்த நான்காம் நாளைப் பற்றிப் பேசுகிறார்கள். பிறகு 2023 பிப்ரவரியில் வெலிங்டனில் நியூசிலாந்து ஒரே ஒரு ரன்னில். குவியல் இப்போது நான்கு.

நான்கு என்பது எதையும் தீர்மானிக்கப் போதாது. இரண்டாவது வழி, அன்று மற்ற கடைகள் என்ன விலை போட்டிருந்தன என்று பார்ப்பது. ஹெடிங்லியின் பலகையில் ஒரே ஒரு கடையின் விலைதான் இருந்தது.